ஆண் பாம்பின் பெட்டி

ஐந்து வயதில் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஓணானை வைத்துக்கொண்டு திரிந்த டெஸ்ஸாவுக்கு இப்போது பதினாறு. ஃப்ளோரிடாவில், வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு ஜோடி மலைப்பாம்பு வளர்த்தாள். இந்த வருஷமும் முட்டை வராவிட்டால் பாம்புகளை விற்றுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஜனவரியில் ஆண் பாம்பு செத்துப்போனது. அவளே குழி தோண்டிப் புதைத்தாள்.

மார்ச்சில், கழுவி மூடிவைத்திருந்த அதன் பெட்டிக்குள் புதிதாக உரித்த பாம்புச் சட்டை ஒன்று ஈரத்தோடு கிடந்தது.

"நீதானே போட்ட?" என்று அண்ணன் கோல்ட்டைக் கேட்டாள்.

"அந்தக் கருமத்த நான் தொடுவேனாடி?"

இணை சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் பெட்டிக்குக் கொண்டுபோவார்கள். பெண் பாம்பைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள் விட்டாள்.

"செத்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு அனுப்புறியா, பைத்தியமே?"

"எனக்கு முட்டை வேணும். அவ்ளோதான்."

மே மாதம் ஏழு முட்டைகள் வந்தன. புரண்டால் உள்ளே குஞ்சு செத்துவிடும் என்பதால், மேல்பக்கம் தெரிய பென்சிலால் புள்ளி வைக்கக் குனிந்தாள். முட்டைகளைச் சுற்றிப் பெண் பாம்பு படுத்திருந்தது. அதற்கும் வெளியே, மரத்தூளில் இன்னொரு பாம்பு சுருண்டு படுத்ததுபோல் ஒரு பெரிய வட்டம் அழுந்தியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் மெல்ல இறுகியது.