மக்காச்சோளம் இன்றைக்கு என்ன விலை

மூன்று இருபதுக்குத் திரையில் பச்சைப் புள்ளி ஒன்று முளைத்தது.

"அக்கா, கால் வந்துடுச்சு! முதல் கால்!" எரிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

தீபிகா ஒலிபெருக்கியைப் போட்டாள். பெங்களூர் அல்சூரில், மூன்றாம் மாடியில், நான்கே மேசைகள் கொண்ட அந்த அலுவலகத்தின் எட்டு மாத உழைப்பு இப்போது மணியடித்துக்கொண்டிருந்தது.

மணி அடிப்பது ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் வடக்கே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து.

அங்கே முப்பது கிராமங்களில், யார் வேண்டுமானாலும் சாதாரண பட்டன் போனில் ஓர் எண்ணை அழைக்கலாம். சந்தையில் இன்றைக்கு மக்காச்சோளம் என்ன விலை என்று தங்கள் தும்புக்கா மொழியிலேயே கேட்கலாம். இயந்திரம் தும்புக்காவிலேயே பதில் சொல்லும்.

விலைப்பட்டியல் அங்கே புதிதல்ல. ஆனால் அது ஆங்கிலத்தில் வந்தது. வெள்ளைக்காரன் போய் அறுபது வருடமாகியும் விலை மட்டும் அவன் மொழியை விட்டு இறங்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு, தராசோடு வாசலில் வந்து நிற்கிற வியாபாரி சொன்னதுதான் விலை.

இதையெல்லாம் தீபிகாவுக்குச் சொன்னவன் எரிக்தான்.

கல்லூரிக்காக பெங்களூர் வந்தவன். ஜோகுபாளையத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில் நான்கு வருடமாகக் குடியிருந்து, அந்த வீட்டாரிடமே தமிழ் பேசப் பழகிக்கொண்டவன். சொந்த மொழியில் பேசியதற்காக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன். இன்று இயந்திரம் பேசும் தும்புக்கா, ஒவ்வொரு சொல்லும் அவன் குரல்.

போன மாதம் ஊருக்குப் போய், கிராமம் கிராமமாகப் பெண்களிடம் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லையாம். ஏன் என்று தீபிகா கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டான்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. பின்னால் கோழிகள், யாரோ வாளி வைக்கும் சத்தம்.

எரிக் மூச்சு வாங்க மொழிபெயர்த்தான். "வியாபாரி எதிர்லயே நிக்கிறாராம்க்கா. பாதி விலைக்குக் கேக்குறாராம். இந்தம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. அவரும் கேக்கட்டும்னு!"

டீம் லீட் அருண்குமார் டீயைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தான்.

இயந்திரம் அன்றைய விலையைச் சொன்னது. தெளிவாக, திக்காமல்.

ஓர் ஆண் குரல் உறுமியது.

"என்ன சொல்றார்?" என்றாள் தீபிகா.

எரிக் ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தான். அவன் கை மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது.

அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள். இயந்திரம் மறுபடியும் விலையைச் சொன்னது. ஆண் குரல் இன்னும் உயர்ந்தது. அவள் மூன்றாம் முறை அழுத்தினாள். இப்போது சுற்றிலும் நிறையப் பெண்கள் கூடிவிட்டது கேட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ அந்த விலையைக் கூடவே சேர்ந்து உரக்கச் சொன்னார்கள்.

பிறகு அமைதி.

கோழிகள் மட்டும் கேட்டன.

ஆண் குரல் தணிந்து, ஏதோ ஒரு சொல்லை முனகியது.

அடுத்த நொடி குலவை கிளம்பியது. பத்துப் பதினைந்து பெண்கள், நாக்கைச் சுழற்றி, ஒலிபெருக்கி கிழிகிற மாதிரி! குலவைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? விலை படிந்துவிட்டது.

"சக்கத் மச்சா!" அருண்குமார் துள்ளினான். சட்டையெல்லாம் டீ கொட்டியது. தீபிகா கைதட்டிக்கொண்டே எரிக்கைக் கட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

அவன் அசையாமல் நின்றான். கண்கள் நிறைந்திருந்தன.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. குலவை அடங்கியது. அந்த வியாபாரி போனுக்கு மிக அருகில் வந்திருக்க வேண்டும். அவர் மூச்சு கேட்டது. இப்போது அந்தக் குரலில் கோபமே இல்லை.

"எரிக்?" என்றது.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "எரிக்?"

தீபிகாவின் கைகள் அந்தரத்தில் நின்றன.

"எங்கப்பா, அக்கா," என்றான் அவன். "என் காலேஜ் ஃபீஸெல்லாம் அந்தத் தராசுல வந்ததுதான்."

இங்கே பேசினால் அங்கே கேட்காது. அந்தப் பெயரோ இயந்திரத்துக்குத் தெரிந்த எந்தப் பயிரின் பெயரும் இல்லை. அதனால் அது, மகனின் குரலில், மிகுந்த மரியாதையோடு, அவரிடம் கேட்டது:

எந்தப் பயிரின் விலை வேண்டும்?