தொடக்கக் காப்பு

ருக்குமணியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்து நாலு மாதமாகியும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தினமும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். கடைசியில், ஈரோட்டில் பாதிப்பேர் போட்டிருந்த தொடக்கக் காப்பை அவளும் வாங்கி மணிக்கட்டில் மாட்டினாள். தள்ளிப்போடும் வேலையை அதனிடம் சொல்லிவைத்தால், முதல் இரண்டு நிமிடம் நம் கையை அதுவே நடத்தும், அப்புறம் விட்டுவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் விரல்கள் தாமாகவே போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தின. மறுமுனையில் ஒரு பெண் "சொல்லுங்க" என்றபோது காப்பு கையை விட்டது. போனை வைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வைக்கவில்லை.

"கழுத்துல ஒரு கட்டிங்க. டாக்டர்கிட்ட காட்டோணும்," என்றாள்.

வியாழக்கிழமை டாக்டர் கட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்துச் சோதித்துவிட்டு, வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் நாச்சிமுத்துவிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும் புள்ள. நீ தூங்கறப்பப் பாத்தேன். நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னே நாலு மாசத்த ஓட்டிட்டேன்."

"நீங்களுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவனருகில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"இப்பத் தொட்டுப் பாருங்க. பாதி வத்திப்போச்சு."