சுத்தியல் மேல் சத்தியம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பட்டறைக்காரர் பாவாடை சுத்தியலை ஓங்கினால் உப்பளத்தில் காக்காய் பறக்கும். செம்பிலும் வெண்கலத்திலும் அந்தக் காலத்துப் பாணியில் அவர் பட்டறையில் கிடைக்கும் வளையல், தோடு, காப்புக்கு அப்படி ஒரு மவுசு! பச்சைக் களிம்பு பூத்து, சோழ ராஜாவின் மாமியார் இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனது போலிருக்கும்.

அந்தக் களிம்பே வினையானது.

சப்-இன்ஸ்பெக்டர் ஹேமலதா ஜீப்பிலிருந்து இறங்கியபோது, தெருவே அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. பாவாடை வழக்கம்போல் ஒரு பாதி வளையலைத் தட்டிக்கொண்டிருந்தார். பாரிஸில் கடை வைத்திருக்கும் நம்மூர்க் கிளமான், வாங்கிய நகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்கு விமானம்.

"யோவ் பாவாடை! நேத்து செஞ்ச வளையலை ரெண்டாயிரம் வருஷத்துப் பழசுன்னு வெள்ளைக்காரன் தலையில கட்டுறியாமே? புகார் வந்திருக்கு. உள்ள போனா வெளிய வர மாட்டே!"

"ஐயையோ மேடம்! பழசுன்னு நான் வாயத் தொறந்ததே இல்ல. எல்லாம் புதுசு. ‘புத்தம் புது நகை’ன்னு போர்டே மாட்டி வச்சிருக்கேன், பாருங்க."

"அப்ப இந்தக் களிம்பு? வானத்துலேருந்து கொட்டிச்சா?"

பாவாடைக்கு வழிந்த வியர்வையில் பட்டறை நெருப்பே அணைந்திருக்கும். தொழில் ரகசியமா, ஜெயிலா? வேறு வழியின்றி, கிளமானும் பின்தொடர, சுத்தியலும் கையுமாகக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

"உப்பு, புளி, நவச்சாரம் மூணையும் அரைச்சுத் தடவணும் மேடம். அப்புறம் கோமியம் தெளிச்ச மண்ணுல புதைச்சுடணும். ஒரே மாசத்துல பாட்டன் பூட்டன் காலத்துக் கலரு வந்துடும்." சொன்னதோடு நிற்காமல், குழியைத் தோண்டி நாலு வளையலை எடுத்தும் காட்டினார். நாற்றம் உழவர்கரை வரைக்கும் போனது.

ஹேமலதா மூக்கைப் பொத்திக்கொண்டார். "சத்தியம் பண்ணுவியா?"

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற சுத்தியல். அதன் மேல் கை வைத்துப் பொய் சொல்லும் பட்டறைக்காரன் புதுச்சேரியில் இன்னும் பிறக்கவில்லை. பாவாடை அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் களிம்பு என் கையால நானே ஏத்துனது மேடம். இது மேல சத்தியம்!"

பெரிய கேஸை எதிர்பார்த்து வந்த ஹேமலதாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிளமான் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா முசியே? அத்தனையும் புதுசு. அங்க போயி பழசுன்னு வித்தீங்கன்னா நடக்கிறதே வேற!"

"உய் மதாம், உய்," என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையைத் தலையை ஆட்டினார் கிளமான். "ஆனா ஏர்போர்ட்டுல, பழசைக் கடத்துறேன்னு பெட்டியைப் புடிச்சுக்கினா?"

"எவன் புடிப்பான்? அதான் நான் கண்ணால பார்த்தேன்ல!" நின்ற வாக்கிலேயே, ‘எல்லாம் புதிதாகச் செய்தவை, நேரில் விசாரித்தேன்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, சந்தேகமிருந்தால் கூப்பிடச் சொல்லித் தன் செல் நம்பரையும் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தெரு கலைந்தது. கிளமானும் பெட்டியோடு புறப்பட்டார். உள்ளேயிருந்து மனைவி பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா நீ, சுத்தியல் மேலயே சத்தியம் பண்ணிட்டியே? சாமி கண்ணக் குத்தாது?"

"எதுக்குக் குத்தும்? அது மேல கை வச்சு நான் பொய்யா சொன்னேன்?" என்ற பாவாடை, கல்யாணமான நாளிலிருந்து தட்டிக்கொண்டிருக்கும் அதே பாதி வளையலை மாடத்தில் வைத்தார்.

பிறகு ஆற்றங்கரை மேட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்த அடுத்த பானையைக் கவிழ்த்து, உள்ளேயிருந்த வளையல்களின் ரெண்டாயிரம் வருடத்து நிஜக் களிம்பைச் சுரண்டிவிட்டு, புதுக் களிம்பு ஏற்ற உட்கார்ந்தார்.