சுடரின் வக்கீல்

விசாரணை அதிகாரியின் முன், மகள் சுடரின் சக்கர நாற்காலியில் பொருத்தியிருந்த வக்கீல் பெட்டி பேசத் தொடங்கியதுமே முத்துக்கனி மகளை ஒட்டி நின்றுகொண்டாள். பேச வராதவர்களுக்காக வாதாட அரசு கொடுத்த இயந்திரப் பெட்டி அது.

"ஐயா, சுடரைக் காப்பகத்துல சேர்க்கணும். அம்மாவால சமாளிக்க முடியல. இதை அவங்களே ஒவ்வொரு விசாரணையிலயும் சொல்லியிருக்காங்க."

முத்துக்கனி அப்படிச் சொன்னது உண்மைதான். வீட்டுக்கு வரும் உதவியாளர் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கட்டுமென்று எல்லாத் தாய்மாரும் சற்றுக் கூட்டித்தான் சொல்வார்கள்.

"அது ஆள் கேக்கதுக்காவச் சொன்னது சார்! எம்புள்ளைய நான் நல்லாப் பாத்துக்கிடுதேன்."

"பிள்ளை சார்பா வக்கீல் பேசுறதைத்தான்மா நாங்க எடுத்துக்க முடியும்," என்றார் அதிகாரி.

சுடர் கழுத்தை வளைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, "ம்மா..." என்றாள். அம்மாவின் சேலைத் தலைப்பை விரல்களில் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

"பதற்றமா இருக்காங்க," என்றது பெட்டி கனிவாக.

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் விம்மல் வெளியே வந்துவிட்டது.

"இதையும் பதிவு பண்ணிக்கோங்க ஐயா," என்றது பெட்டி. "அம்மா அழறாங்க. அவங்களால சமாளிக்க முடியல."