மாமியாருக்குப் பல் கட்டினவள்

"உனக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிருக்கு ஜாய்ஸு? உங்க கர்த்தரே பாத்து அந்தம்மா வாயை அடைச்சிருக்காரு. நீ டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயி அதைத் தொறந்துவுடப் போறியா?"

எதிர்வீட்டு சரோஜா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஜாய்ஸின் மாமியார் செங்கம்மாளின் வாய் அந்தத் தெருவுக்கே தெரியும். காலையில் காபி தண்ணியாக இருக்கிறது என்று ஆரம்பிப்பாள். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாகப் போடவில்லை என்பதுவரை மருமகளுக்குத் திட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

போன மழைக்கு வாசல்படியில் வழுக்கி விழுந்ததில் செங்கம்மாளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போய்விட்டன. அதற்கப்புறம், "சோத்தை ஏண்டி இப்படிக் கொழைச்ச?" என்று ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே விசில் அடித்தது. தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட வருவதில்லை. வீட்டிலும் எல்லாம் சைகைதான்.

"மழைக்கு அப்பால உங்க வூடு எவ்ளோ அமைதியா கீது! அனுபவிக்கத் தெரியலியே உனக்கு" என்று உச்சுக்கொட்டினாள் சரோஜா.

ஜாய்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த மாமியாரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கத்துக்குப் போய்விட்டாள்.

பல் டாக்டர் பிரதீபா பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. கழட்டி மாட்டற பல் வெச்சுக்கலாம். இல்லன்னா பிரிட்ஜ் போடலாம். காலியா இருக்கற இடத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பல்லைக் கொஞ்சம் இழைச்சு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வரிசையா பல் செஞ்சு மேல ஒட்டிடுவோம். கழட்டற வேலையே இல்ல."

"பிரிட்ஜுன்னா பாலமா?" முந்தானைக்குள்ளிருந்து முனகினாள் செங்கம்மாள். "பாலாத்துக்கு மேல கட்டுவாங்களே, அதுவா?"

"அதேதான். ஆனா இது சீக்கிரம் முடிஞ்சிடும்."

"பூட்ட பல்லுக்கோசரம் நல்லா கீற பல்லை எதுக்கு இழைக்கணும்? ஒண்ணியும் வாணாம்." செங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

ஜாய்ஸ் அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். "உக்காருங்க அத்தை."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜாய்ஸ் மாமியாரை அதட்டியது அதுதான் முதல் தடவை. செங்கம்மாள் முறைத்தாள். தொண்டைவரை வந்த திட்டு, பல் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

டாக்டர் ஜாய்ஸிடம் கேட்டார். "உங்களுக்கு முக்கியமா எதுக்கு வேணும்? மெல்லறதுக்கா, பார்வைக்கா?"

"பேசறதுக்கு டாக்டர். அத்தை நல்லா சத்தமா பேசுவாங்க. நடுவுல கழண்டு வந்துரக் கூடாது."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப பிரிட்ஜேதான்" என்றார் டாக்டர்.

இழைத்து, அளவெடுத்து அனுப்பி, அடுத்த வாரம் வரச்சொல்லி ஒட்டினார்கள்.

"ஏதாவது பேசிப் பாருங்கம்மா. காத்து போவுதான்னு பாக்கணும்."

செங்கம்மாள் நாக்கால் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் ஈயென்று இளித்துப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சனியனே, சீக்கிரம் கெளம்புடின்னா கேட்டியா? சேலையாடி இது, சுத்திக்கினு வந்து நிக்கிற? சட்டியில கீற மீன் கொழம்ப சுட வெச்சியா, இல்ல அப்படியே வுட்டுட்டு வந்துட்டியா?"

ஒரு 'ச'கூட விசிலடிக்கவில்லை.

"கரெக்டா செட் ஆயிடுச்சு" என்றார் டாக்டர்.

ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்த நர்ஸுக்குப் பாவமாக இருந்தது.

சாயங்காலம் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜாய்ஸின் கணவன் சாம், உள்ளே கேட்ட குரலில் வாசலிலேயே நின்றான்.

"அம்மா ஆரம்பிச்சிட்டாங்களா?"

"மத்தியானத்துலேருந்து."

"அப்புறம் நீ எதுக்கு சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு தண்ணி நானே புடிக்கப் போறேன். நீ தூங்கு."

மழைக்காலத்துக்குப் பிறகு ஜாய்ஸ் குழாயடிப் பக்கமே போவதில்லை. சாம்தான் டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் பிடித்துவைப்பான்.

மறுநாள் காலையில் குடத்தோடு வந்த ஜாய்ஸைப் பார்த்ததும் சரோஜா நெருங்கி வந்தாள்.

"நேத்தெல்லாம் உங்க வூட்ல ஒரே சத்தம்! நான் சொன்னேனே, கேட்டியா? சரி, அது கெடக்கட்டும்." குரலைத் தாழ்த்துவதுபோலத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "இந்த மாசமாவது எதுனா விசேஷம் உண்டா? வருசம் ஓடிக்கினே கீதே! உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின.

போன மழையிலிருந்து ஜாய்ஸ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போயிருந்தாள். இன்றைக்கு லேசாக ஒதுங்கி வழிவிட்டாள்.

பின்னால், இடுப்பில் இன்னொரு குடத்தோடு செங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அடியே சரோஜா! இத்தினி வருசத்துல எம் மருமவள நிக்கவெச்சி இத ஒருத்தியாவது கேட்டிருப்பீங்களாடி? எனக்கு ரெண்டு பல்லு வுழுந்ததும் உங்களுக்கெல்லாம் வாயி மொளைச்சிடுச்சா?"