அக்காவின் வேனுக்குத் தண்ணீர்

அல்சூரில் டோரீன் வீட்டு கேட்டை மறைத்துக்கொண்டு அக்கா ஆஞ்சலாவின் வேன் நிற்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை. ரிட்டயரான கையோடு அக்காவும் மாமாவும் சொந்தக்காரர் வீடு வீடாக இதில்தான் ஊர் சுற்றுகிறார்கள். வீட்டுக்குள் அவர்களுக்காக டோரீன் விரித்து வைத்த புது பெட்ஷீட் கசங்காமல் கிடக்கிறது. இருவரும் வேனிலேயே தூங்கிவிட்டார்கள். காலை வெயிலில் பச்சை ஹோஸ் பைப் அவள் வீட்டுக் குழாயிலிருந்து வேனின் தொட்டிக்கு நீள்கிறது. டோரீனின் கணவர் நோயல் டிரைவர் சீட்டில் ஏறி, நிற்கிற வண்டியில் சீட் பெல்ட் மாட்டுகிறார். “நாளைக்கு கோவாடி! கடலோரமா நிறுத்தி, அங்கயே காபி போட்டுக்குவோம்,” என்கிறாள் அக்கா திரைக்குள்ளிருந்து. “கோவாவா!” என்று நோயல் ஸ்டியரிங்கைத் தடவுகிறார். “என்னடி, தண்ணி நின்னுடுச்சு?” “பிரஷர் கம்மிக்கா. இந்த ஏரியாவே இப்படித்தான்,” என்கிறாள் டோரீன். பைப்பை அழுத்தியிருக்கும் செருப்புக்காலை அவள் எடுக்கவில்லை.