ஐந்தாவது சோடி

புளியங்குளத்தார் யாவரும் அறிய வேண்டிய மகா முக்கிய அறிவித்தல்: கிராமச் சங்கத் தலைவர் கனகலிங்கம் தமது லொறிக்குப் புது பிரேக் லைனிங் வாங்கிவிட்டார்.

"முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சால் காணும்" என்று லைனிங் மாற்றாமல் ஒரு வருடம் கடத்தியவர். போன மாதம் அவர் மிதித்தும் நிற்காத லொறி, படலை திறக்க வந்த மனைவி விமலேஸ்வரி மேல் ஏறியது.

அதன்பின் லொறி முற்றத்தை விட்டு அசையவில்லை. ஆனால் புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு லைனிங்கும் ஒரே கிழமையில் ஆணி தெரியத் தேய்ந்தது.

"ஆர் ஓடினது, தலைவர்?" என்றார் மெக்கானிக் இஸ்ஸதீன்.

"ஒருத்தரும் ஓடேல்லை. இன்னும் தடிப்பானதாத் தாங்கோ."

"இதோட நாலு சோடி போட்டுது. தேய்ஞ்ச விதத்தைப் பார்த்தால், ஆரோ முழுப் பலத்தோட மிதிச்சுக்கொண்டே இருக்கினம்."

கனகலிங்கம் தடிப்பானதைத் தெரிந்தெடுத்தார்.

ஐந்தாவது சோடி அருமையாகப் பிடித்தது. விமலேஸ்வரியின் ஆவியை வழியனுப்பும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அதற்கு முதல்நாளே முடிந்துவிட்டது.